அச்சேறாத ஐந்து வரிகள்

அந்த நோட்டீஸ் இளஞ்சிவப்புத் தாளில் அச்சானது. ஒரு பிரதி இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. "அன்புடையீர்" என்று தொடங்கி "கருணை மழை பொழிவீர்" என்று முடியும். நடுவில் நிலவு வருகிறது, தீபம் வருகிறது, கரையான் உள்ளிருந்து அரிக்கும் மரம் ஒன்று வருகிறது. நோய் மட்டும் வரவில்லை. அதை எழுதியவன் நான். அந்த நோயோடு படுத்துக் கிடந்து எழுந்தவனும் நான்தான். எதை விட்டேன், ஏன் விட்டேன், அதனால் காதர் பாய்க்கு என்ன நேர்ந்தது என்று சொல்வதற்காகவே இந்த ஆஸ்பத்திரி நாட்களை எழுதுகிறேன்.

நான் ஓர் இடத்தில் உட்காராத ஆள். வாத்தியாராக இருந்தேன், அத்திப்பட்டு உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தேன், இரண்டு பத்திரிகைகளில் வசனகவிதை எழுதினேன், இரண்டும் நின்று போயின. கடைசியில் பொன்னேரியில் ஒரு சிறிய அச்சகத்தின் முக்காலி என்னைப் பிடித்து உட்கார வைத்தது. கல்யாணப் பத்திரிகை, வாழ்த்து மடல், கருமாதிக் கார்டு. எழுதுவதும் நான், எழுத்துக் கோப்பதும் நான். வீடு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால். காலையில் ஒரு ரயில், மாலையில் ஒரு ரயில். ஐம்பத்திரண்டாவது வயதில் அந்த முக்காலி எனக்கு மூல நோயைக் கொடுத்தது. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று அப்போது தெரியாது.

மூலத்துக்குக் கைராசிக்காரர் என்று திருவள்ளூரில் ஒரு டாக்டரைச் சொன்னார்கள். மனைவி அமிர்தம் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். அவர் ரப்பர் உறை மாட்டிய விரலால் ஆசனவாய் வழியாகப் பரிசோதித்தார். நான் சுவரில் இருந்த காலண்டரின் கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். விரல் ஓரிடத்தில் நின்றது. மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

"மூலம் சின்னதுதான். களிம்பு போட்டாப் போயிடும். ஆனா முன்பக்கம் பட்டாணி மாதிரி ஒண்ணு கெட்டியாத் தட்டுப்படுது. அத நான் பாக்கக் கூடாது, பட்டணத்துல பாக்கணும்" என்று சொல்லி ஒரு கடிதம் எழுதித் தந்தார். திரும்பும் ரயிலில் வேப்பம்பட்டு வருவதற்குள் அந்தக் கடிதத்தை நாலு முறை பிரித்து மடித்திருப்பேன். அதில் எனக்குப் புரிந்த ஒரே சொல் என் பெயர்.

பட்டணத்தில் தருமத்தில் நடக்கும் சிறிய ஆஸ்பத்திரி அது. புற்றுநோய்க்கென்றே வைத்திருந்தார்கள். தாழ்வாரத்தில் மர பெஞ்சு. கையில் எண் எழுதிய அட்டை. அங்கே காத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் "என்ன நோய்?" என்று கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே நோய்தானே. "உங்களுக்கு எந்த எடம்?" என்றுதான் கேட்கிறார்கள். ஒருவர் நாக்கைக் காட்டினார். ஓர் அம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள், அதுவே பதில். என் முறை வந்தது. நான் தொப்புளைத் தொட்டேன். "வயிறு" என்றேன்.

பொய் அங்கே பிறந்தது. இவ்வளவு சின்னதாக.

டாக்டர் சபாபதிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவிருக்கும். ஒரு தாளில் பென்சிலால் படம் போட்டுச் சொன்னார். "இது மூத்திரப் பை. இதுக்குக் கீழ நெல்லிக்காய் அளவுல ஒரு சுரப்பி. பிராஸ்டேட்னு பேரு. ஆம்பிளைங்களுக்கு மட்டும்தான் உண்டு. விந்துல நீர் சேர்க்கறது அதோட வேலை. மூத்திரக் குழாய் அதுக்கு நடுவுல புகுந்து போகுது. வயசானா பல பேருக்கு அது சாதாரணமா வீங்கும். சில பேருக்குப் புத்து வைக்கும். உங்களுது எதுன்னு பாக்கணும்."

பார்த்தார்கள். இரத்தத்தில் ஒரு பரிசோதனை: நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் ஒரு பொருள் அதில் கூடுமாம், எனக்குக் கூடவில்லை. இடுப்பெலும்புக்கு எக்ஸ்ரே. பிறகு முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கட்டையாக்கி, அந்தப் பட்டாணியிலிருந்து ஊசிமுனை அளவு சதை எடுத்தார்கள். முடிவு வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் நான் அச்சகத்தில் மற்றவர்களுடைய கல்யாண நாட்களைக் கோத்துக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்தது. புற்றுதான். தொடக்க நிலை.

அன்றிரவே அமிர்தத்திடம் எல்லாம் சொன்னேன். மறுநாள் ஊருக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி தெருமுனை திரும்பினால், அமிர்தம் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அவருக்கு வயித்துல கட்டியாம் க்கா. அறுத்து எடுத்துட்டா சரியாப் போயிடுமாம்." அப்படிச் சொல்லச் சொல்லி நான் கேட்கவே இல்லை. என் அவமானத்தை அவளாகவே வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். முப்பது வருஷ இல்லறத்தில் எனக்குக் கிடைத்த பெரிய அன்பு அது. அதையும் நான் தவறாகச் செலவழித்தேன்.

ஆபரேஷனுக்கு முந்திய அமாவாசையன்று அவள் திருவள்ளூருக்குப் போனாள். அங்கே கோயில் வாசலில் உருவத் தகடு விற்பார்கள். கண்ணுக்குக் கண், காலுக்குக் கால்; நோவு எந்த உறுப்பிலோ அந்த உறுப்பு அச்சடித்த தகட்டை வாங்கிச் செலுத்த வேண்டும். திரும்பி வந்தவளிடம் கேட்டேன்.

"இன்னா, செலுத்தினியா?"

"செலுத்தினேன்." பிறகு மெதுவாக, "அதுக்குத் தகடு இல்லைங்க. கேக்கவும் வாய் வரல. வயித்த வாங்கிப் போட்டுட்டேன். சாமிக்குத் தெரியாதா?" என்றாள்.

சாமிக்குத் தெரிந்திருக்கும். மனிதர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆபரேஷனைப் பற்றி எனக்குத் தெரிந்தது வாசனை மட்டும். மயக்க மருந்தான ஈதரின் இனிப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. கண் விழித்தபோது ஓரிடத்தில் உட்காராத என்னை ஒரு ரப்பர் குழாயால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். குழாயின் மறுமுனை கண்ணாடிப் புட்டிக்குள். மூன்று வாரம் அந்தப் புட்டிதான் என் பஞ்சாங்கம். முதலில் செம்பருத்தி நிறம், பிறகு செங்கல் கழுவிய நீர், பிறகு ஒரு நாள் காலையில் வெளிறிய தேன். அமிர்தம் அதைப் பார்த்து, வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டிய நர்ஸைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

குழாயை எடுத்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. தும்மினால் நனையும். சிரித்தால் நனையும். பழைய வேட்டியைக் கிழித்து மடித்து அமிர்தம் தூக்குச் சட்டியோடு கொண்டுவருவாள், மேலே ஒரு வாழையிலையைப் போட்டு, சோறு மாதிரி. டாக்டர் அவளிடம் தனியாக ஒன்று சொன்னார். இனி நாங்கள் கணவன் மனைவியாகப் படுக்க முடியாமல் போகலாம் என்று. அதை அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள். "உசுரு இருக்கில்ல. அது போதும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

காதர் பாய் வந்தது அந்த வாரம்தான். பழவேற்காட்டுக்காரர், கைலி வியாபாரம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று சந்தை சந்தையாகப் போவார். அமாவாசைக்குத் திருவள்ளூர்க் கூட்டத்துக்கும் போவார். ரயிலில் இருபது வருஷப் பழக்கம். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது.

"இன்னா கவிராயரே! வயித்துல கட்டியாமே. எழுதினது வெளிய போவாம உள்ளயே கட்டிக்கினு போச்சா?"

"சிரிக்க வெக்காத பாய்." நனைந்துவிடும் என்ற பயம் எனக்கு.

"எந்த எடத்துல அறுத்தான்? காட்டு பாக்கலாம்."

போர்வையை இறுக்கிக்கொண்டேன். "கட்டுப் போட்டிருக்கு. அவுக்கக் கூடாது."

அவர் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தைத் தலையணைக்கு அருகில் வைத்துவிட்டு, "சரி, சீக்கிரம் எந்திரி. நீ இல்லாம ரயில்ல பேஜாராக்கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் டாக்டர் சபாபதி என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்களுக்குச் செஞ்சது சரியா தப்பான்னு எனக்கே தெரியாது" என்றார். நான் திடுக்கிட்டேன். "மெய்யாத்தான். இந்த நோய ஆரம்பத்துலயே கண்டா முழுசா எடுத்துடறது நல்லதா, மாத்திரை நல்லதா, கதிர் பாய்ச்சறது நல்லதா, இல்ல சும்மா கண்காணிச்சாலே போதுமா, யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னா ஒவ்வொரு ஆளையும் பத்து வருஷம் விடாமப் பின்தொடரணும். தபால் போடணும், ரயில் செலவு கொடுத்து வரவழைக்கணும், இரத்தம் பாக்கணும், எழுதி வைக்க ஒரு ஆள் வேணும். நோயாளிக்குப் பால் வேணும்னா தருமம் குடுக்கறாங்க. ஆராய்ச்சின்னா கைய விரிக்கறாங்க. ஒரு வேண்டுகோள் எழுதிக் குடுங்க. உங்களுக்கு அது வரும்."

எனக்கு அது வரும். அதுதான் தொல்லை.

அவர் ஒரு தாளையும் கொடுத்தார். பென்சிலில் ஐந்து வரி. சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுந்து போவது. போனால் தொடங்கத் தாமதமாவது. தாரை மெலிந்து விட்டு விட்டு வருவது. சிறுநீரில் இரத்தம் காண்பது. காரணம் தெரியாமல் இடுப்பும் முதுகும் விடாமல் வலிப்பது. "இதுல பாதிக்கு மேல சாதாரண வீக்கமாத்தான் இருக்கும். ஆரம்பப் புத்து ஒரு அடையாளமும் காட்டாமலும் இருக்கும், உங்களுக்கு இருந்த மாதிரி. ஆனா இதக் காட்ட வந்தாலாவது விரல் வெச்சுப் பாக்கலாமே. இதயும் நோட்டீஸ்ல போடுங்க" என்றார்.

வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். நிலவும் தீபமும் தாமாக வந்து உட்கார்ந்தன. ஐந்து வரியைக் கீழே வைத்துப் பார்த்தேன். பட்டுச் சேலையில் சாணி தெறித்ததுபோல் இருந்தது எனக்கு. மூத்திரம் என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பொறுக்கி நான் கோத்தால், ஊரே கேட்காதா, 'உனக்கும் அங்கேதானா' என்று? தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "முதுமையில் ஆடவரை ஒளிந்திருந்து தாக்கும் கொடுநோய்" என்று ஒரு வரியில் முடித்தேன். படித்தவர்கள் எல்லோரும் கண் கலங்கினார்கள்.

காதர் பாய்க்குத் தமிழ் எழுத்து அவ்வளவாக ஓடாது. என்னைப் படிக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டார். நாலாவது தரம் அவரே ஒப்பித்தார். ஆஸ்பத்திரி முத்திரை வைத்த உண்டியல் ஒன்றை வாங்கிக் கைலி மூட்டைமேல் வைத்துக்கொண்டு சந்தை சந்தையாக அதைப் பாட்டு மாதிரி சொன்னார். "ஒளிஞ்சிருந்து தாக்குற கொடுநோயி! இன்னிக்கு அவனுக்கு, நாளைக்கு ஆருக்கோ! போடு தாயி, போடு நைனா!" புதுசாக வந்த நயா பைசாவும் பழைய அணாவும் உள்ளே விழும் சத்தத்தை அவர் குலுக்கிக் காட்டுவார்.

ஒரு மாலை பொன்னேரியிலிருந்து ஒன்றாக வந்துகொண்டிருந்தோம்; அவருக்கு மறுநாள் கும்மிடிப்பூண்டிச் சந்தை. அந்தப் பெட்டியில் கழிப்பறை கிடையாது. கவரைப்பேட்டையில் வண்டி நின்றதும் உண்டியலை என் மடியில் வைத்துவிட்டுக் குதித்து ஓடினார். விசில் ஊதியாயிற்று, பாய் சுவரைப் பார்த்தபடியே நிற்கிறார். வண்டி நகர்ந்த பிறகு ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்துத் தொற்றினார்.

"இன்னா பாய், அங்கயே குடியிருந்துட்ட?"

"அத ஏன் கேக்கற! ஓட்டக் கொழா மாரி ஆயிட்டேன் கவிராயரே. போனா வரமாட்டேங்குது, வந்தா நூலாட்டம் விட்டு விட்டுச் சொட்டுது. பொன்னேரில போனேன், இங்கயும் போயாச்சு, இன்னும் விடியறதுக்குள்ள நாலு தரம்." இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "மூட்ட தூக்கித் தூக்கி இதுவும் வேற."

டாக்டரின் தாள் என் சட்டைப் பையில் இருந்தது. நெஞ்சுக்கு நேராக. நாலு வரியை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எடுத்து நீட்டினால் போதும். நீட்டினால், 'உனக்கு எப்படித் தெரியும்' என்பார். பெட்டி நிறையத் தெரிந்த முகங்கள்.

"வயசாவுதில்ல பாய்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வேட்டி நனைந்தது.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் என் நோட்டீஸை மேசைமேல் வைத்திருந்தார். "பணம் வந்திருக்கு. நான் நெனச்சதவிட நல்லாவே. ஆனா ஆள் வரல. ஆரம்ப நோய ஆராயப் பணம் இருக்கு, ஆரம்பத்துல வந்த ஆள் நீங்க ஒருத்தர்தான். அந்த அஞ்சு வரி எங்க?"

"எடம் பத்தல சார்."

அவர் தாளைப் பார்த்தார். "நிலாவுக்கு எடம் இருந்துதே."

அடுத்த அச்சில் போடுகிறேன் என்றேன். தை மாதம் வந்தது; கல்யாணப் பத்திரிகைகள் மலையாகக் குவிந்தன; அடுத்த அச்சு தள்ளிப் போனது. இடையில் ஆஸ்பத்திரியிலிருந்து வேறொரு வேலை வந்தது. நோயாளிகளுக்கு அனுப்பும் பதில் கார்டு. வலி உண்டா, எடை என்ன, முதல் அறிகுறி எப்போது, உடனே வராத காரணம் என்ன. நானே கோத்தேன். பிழையில்லாமல்.

அடுத்த பரிசோதனைக்குப் போனேன். தாழ்வாரத்தைத் தாண்டி வார்டுக்குள் பழக்கதோஷத்தில் என் பழைய கட்டிலைப் பார்த்தேன். அதில் காதர் பாய் படுத்திருந்தார்.

உண்டியலை ஒப்படைக்க வந்தவராம். டாக்டர் அறைக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்து டாக்டர்தான் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார். எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். நோய் சுரப்பியை விட்டு வெளியேறி வெகு நாளாகியிருந்தது. நோய்க்குத் தீனி போடும் விரைகளை எடுத்துவிட்டு மாத்திரை தந்தால் வலி குறையும், நாட்கள் கூடும். நோய் போகாது.

"வா கவிராயரே" என்றார். சிரிக்கவில்லை. "ஒனக்கு எங்க கட்டி?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒனக்கு எங்கியோ, அங்கதான் பாய்."

 பாய் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தார். அன்புடையீர் முதல் கருணை மழை வரை, ஒரு சொல் பிசகாமல், அதே சந்தைக் குரலில். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முடித்துவிட்டுக் கேட்டார்.

"எங்க வருது சொல்லு. எந்த எடத்துல மூத்திரம் வருது? எந்த எடத்துல இடுப்பு வருது? எத்தினி சந்த, எத்தினி அமாவாச, தொண்ட கிழியக் கத்தினேனே யா. அதெல்லாம் இருந்திருந்தா, ஊருக்குச் சொல்றப்ப எனக்கும் சொல்லிக்கினு இருந்திருப்பேனே. அதுல நான் இல்லியே கவிராயரே."

அவர் அன்றைக்கு என்னை அடித்திருக்கலாம். தலைமாட்டுப் பொட்டலத்திலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

இரண்டாவது நோட்டீஸ் வெள்ளைத் தாளில் வந்தது. ஐந்து வரியும் மேலே, கொட்டை எழுத்தில். கும்மிடிப்பூண்டிச் சந்தையில் நானே உண்டியலோடு நின்று வாசித்தேன். முதல் வரியில் சில பேர் சிரித்தார்கள். "எனக்கு அங்கதான் அறுத்தாங்க" என்றேன். சிரிப்பு நின்றது. பெரியவர் ஒருவர் காசு போடாமல் என்னைத் தனியே அழைத்து, அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த ரயிலில் போக வேண்டும் என்று கேட்டார்.

சென்ற வாரம் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். பாய் வீட்டு வாசலில் நார்க்கட்டிலில் படுத்திருந்தார். ஏரிக் காற்று அடித்தது. வலி குறைந்திருக்கிறது, உடம்பும் குறைந்திருக்கிறது. அவருக்கு வந்த பதில் கார்டைத் தலைமாட்டிலிருந்து எடுத்துத் தந்தார். "நீ எழுது. ஒன் கையெழுத்து நல்லாக்கீது."

வலி: உண்டு, முன்பைவிடக் குறைவு. எடை: சொன்னார். முதல் அறிகுறி: "அந்தக் கவரப்பேட்ட வண்டிக்கு முன்னாலயே இருந்துச்சி, போடு." அடுத்த கேள்வி நான் கோத்த எழுத்துகளில் என்னைப் பார்த்தது. உடனே வராத காரணம் என்ன.

"யாவார வேலையா இருந்தேன்னு போடு" என்றார் பாய், ஏரியைப் பார்த்தபடி.

நான் எழுதினேன். அவர் சொன்னதை அல்ல. நேரமாவதைக் கண்டு திரும்பினார். "இத்தினியூண்டு எடத்துல இன்னா இவ்ளோ நேரம் எழுதற? படி."

படித்தேன். "அறிகுறிகளை அறிந்த நண்பர் ஒருவர், நான் அவற்றைச் சொல்லக் கேட்டும், வெட்கத்தால் என்னிடம் சொல்லாமல் விட்டார்."

பாய் கட்டில் கயிற்றை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஒன் பேரப் போட்டியா?"

"இல்ல."

"போடு."

அட்டையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் மீதியிருந்தது. போட்டேன்.